கடைமடைக் கபடி

2019ஆம் ஆண்டு புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி கடைசி இடத்துக்கு வந்தது ஏதோ தற்செயல் என்று நினைப்பவர்கள் வரலாறு படிக்காதவர்கள். அதற்குப் பின்னால் மூன்று வருட உழைப்பு இருக்கிறது. 2017இல் ஆறு அணிகள் கொண்ட பிரிவில் ஆறாவது இடம். 2018இல் மறுபடியும் ஆறு அணிகள், மறுபடியும் ஆறாவது இடம். ஆறு பேரில் கடைசியாக வருவது யாருக்கும் முடியும் என்று யாரோ சீண்டிவிட்டிருக்க வேண்டும். 2019இல் பிரிவுகளைத் தூக்கிவிட்டுப் பன்னிரண்டு அணிகளையும் ஒரே பட்டியலில் போட்டார்கள். தலைவாஸ் பன்னிரண்டாவது இடத்தைப் பிடித்தது. எதிராளியைத்தான் பிடிக்க முடியவில்லை, இடத்தையாவது பிடித்தார்களே என்று பட்டுக்கோட்டையில் பேசிக்கொண்டோம்.

பட்டியலின் அடியில் எப்படி இருப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவிரி குடகில் பிறந்து, கர்நாடகத்தில் நான்கு அணைகளுக்கு மொய் எழுதி, மேட்டூரில் முகம் கழுவி, கல்லணையில் பங்கு பிரித்து, கல்லணைக் கால்வாய் வழியாக ஒரத்தநாட்டைத் தாண்டி எங்களிடம் வந்து சேரும்போது தண்ணீருக்கே மேல்மூச்சு வாங்கும். தலைமடைக்காரன் நாற்றுப் பறித்துக்கொண்டிருக்கும் நாளில் கடைமடைக்காரன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால்தான் தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரையும்விட எங்கள் ஊர் தலைவாஸை நன்றாகப் புரிந்துகொண்டது. கடைமடை அணிக்குக் கடைமடை ரசிகன்.

என் மாமா ஒருவர், அந்தக் காலத்து லெஃப்ட் கார்னர், இன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவர், இந்தப் பொருத்தத்தை ஒரு தத்துவமாகவே வளர்த்துவிட்டார். "மேட்டூர் சீக்கிரம் தொறந்தா தலைவாஸ் ஜெயிக்கும். லேட்டா தொறந்தா தோக்கும். கோச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மாப்ளே." சிரிக்காமல் தேதிகளைப் பாருங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

2017: மேட்டூர் திறந்தது அக்டோபர் 2

வழக்கமான தேதி ஜூன் 12. அந்த வருடம் காந்தி ஜெயந்திக்குத்தான் ஷட்டரைத் தூக்கினார்கள். லீக்கோ ஜூலை 28 அன்றே தொடங்கிவிட்டது. தத்துவப்படி அணி வறட்சியில் ஆட ஆரம்பித்தது.

தொடங்கிய விதத்தில் குறை சொல்ல முடியாது. சர்வதேச ஆட்டங்களில் நூறு சதம் அடித்த சச்சின் டெண்டுல்கர் முதலாளிகளில் ஒருவர். தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் இன்னொருவர். சிரஞ்சீவி, அல்லு அரவிந்த், ராம் சரண், அல்லு அர்ஜுன் என்று ஹைதராபாத்திலிருந்து ஒரு குடும்பமே பங்காளியாக வந்தது. விளம்பரத் தூதர் கமல்ஹாசன். மேடையில் நின்றவர்களை வைத்து மூன்று மொழிகளில் படம் எடுத்து நூறு நாள் ஓட்டியிருக்கலாம். பாடிப் போகத்தான் ஆள் வேண்டும். அதற்கு இமாசலப் பிரதேசத்திலிருந்து அஜய் தாக்கூரை 69 லட்சத்துக்கு எடுத்துத் தலைவராக்கினார்கள். உலகக்கோப்பை வென்ற இந்திய அணியின் நட்சத்திரம். அவர்மேல் குறையே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நிறைய பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஆட்டமே ஹைதராபாத்தில், தெலுகு டைட்டன்ஸ் அணியுடன். 27க்கு 32 என்று தோற்றது தலைவாஸ். முதலாளிகளின் சொந்த ஊரில் ஜெயித்து யாருக்காவது மனக்கஷ்டம் கொடுக்க வேண்டாமே என்கிற பண்பாடு. அன்றைக்கு எதிரணியின் தலைவராக நின்று நம்மைத் தோற்கடித்தவர் பெயர் ராகுல் சௌத்ரி. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவாஸ் நிர்வாகமும் வைத்துக்கொண்டது. நம்மை எவன் அடித்தானோ அவனை அடுத்த ஏலத்தில் வாங்கிவிட வேண்டும் என்ற மாபெரும் ராஜதந்திரத்துக்கு அன்று இரவுதான் கால்கோள் விழா நடந்தது.

2018: மேட்டூர் திறந்தது ஜூலை 19

கொஞ்சம் முன்னேற்றம். அணியும் முன்னேறியது, ஒரு ராத்திரி. அக்டோபர் 7 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் லீக்கின் தொடக்க ஆட்டம். எதிரே பட்னா பைரேட்ஸ். தொடர்ந்து மூன்று முறை கோப்பையைக் கொண்டுபோன அணி. அவர்களை 42க்கு 26 என்று உரித்தெடுத்தார்கள். கமலுக்குப் பதில் விஜய் சேதுபதி தூதரான ராசி என்றார்கள். மறுநாள் காலை மணிக்கூண்டுப் பக்கம் நடந்த டீக்கடைப் பேச்சில், கோப்பை வாங்குவோமா என்பது கேள்வியே இல்லை. வாங்கிய கோப்பையைச் சென்னையில் வைப்பதா, தஞ்சாவூருக்கும் ஒருமுறை கொண்டுவந்து காட்டுவார்களா என்பதுதான்.

அதன்பிறகு அணி தன் இயல்புக்குத் திரும்பியது.

நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மதுக்கூர் சுற்றுவட்டாரத்தில் தலைமுறைக் கணக்கில் நின்ற தென்னைகளை ஒரே ராத்திரியில் ஆல் அவுட் செய்துவிட்டுப் போனது. கம்பங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மதுரைப் பக்கமிருந்து, வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். கஜா எங்களுக்குச் செய்த உபகாரம் ஒன்றே ஒன்றுதான். அந்த வாரங்களில் தலைவாஸ் ஆடியதைப் பார்க்க விடவில்லை. வெளிச்சம் வந்த அன்று டிவியைப் போட்டால் பட்டியலில் எதுவும் மாறவில்லை. மாறியதெல்லாம் ஊர்தான்.

ஜூலையிலேயே மேட்டூர் திறந்தும் தோற்றார்களே, தத்துவம் என்ன ஆயிற்று என்று மாமாவைக் கேட்டேன். "புயல் வருஷத்தக் கணக்குல சேக்கப்படாது" என்றார். புள்ளியியல் படித்தவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்வி.

2019: மேட்டூர் திறந்தது ஆகஸ்ட் 13

இனி நம் காவியத்தின் நடுக்காண்டம்.

ஏப்ரலில் மும்பையில் ஏலம். ராஜதந்திரம் நிறைவேறியது. ராகுல் சௌத்ரியை 94 லட்சம் கொடுத்து அழைத்து வந்தார்கள். அஜய் தாக்கூர் ஏற்கெனவே இருக்கிறார், அந்த வருடம் பத்மஸ்ரீ வேறு. பிடிப்பதில் பெயர்பெற்ற மஞ்சித் சில்லர் இருக்கிறார். அவருடைய நிஜாம்பூர் கிராமத்துக்காரரே ஆன மோகித் சில்லரும் வந்தார். கையில் நோட்டும் இருந்தது, சில்லரும் இரண்டு இருந்தது. ராஜராஜன் காலமாக இருந்தால் பெரிய கோயில் சுவரில் இப்படிப் பொறித்திருப்பார்கள்: ஸ்வஸ்திஸ்ரீ. ராகுலின் பிஜ்னோர் கொண்டு, அஜயின் நலாகர் கொண்டு, நிஜாம்பூர் இருமுறை கொண்டு, கோப்பை மட்டும் கொள்ளாத கோத் தலைவாஸ் தேவர்க்கு யாண்டு மூன்றாவது.

பயிற்சியாளர் இ. பாஸ்கரன். அணியைப் பார்த்து மற்ற பதினோரு அணிகளும் நடுங்கின என்று பத்திரிகைகள் எழுதின. நடுங்கியவர்கள் பிற்பாடு குளிர்காலத்துக்கு முன்னோட்டம் என்று விளக்கம் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 21, மறுபடி ஹைதராபாத், மறுபடி தெலுகு டைட்டன்ஸ். இந்த முறை ராகுல் நம் பக்கம். 39க்கு 26 என்று வெற்றி. மணிக்கூண்டு டீக்கடையில் கோப்பை எங்கே வைப்பது என்ற பழைய விவாதம் தூசி தட்டப்பட்டது. நான்கு நாள் கழித்து டெல்லியிடம் 29க்கு 30 என்று ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஒரு புள்ளிதானே என்றோம். கபடியில் ஒரு புள்ளி என்பது ஒரு கட்டைவிரல் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற சமாசாரம். அந்தக் கட்டைவிரல் அந்த வருடம் முழுக்க அடுத்தவன் பக்கமே இருந்தது.

ஆகஸ்ட் 13 அன்று மேட்டூர் திறந்தார்கள். கர்நாடகத்தில் வெள்ளம், வேறு வழியில்லாமல் தண்ணீர் வந்தது. ஆகஸ்ட் 17 அன்று சென்னைச் சுற்று தொடங்கியது. சொந்த மண், சொந்தக் கூட்டம், சொந்த மேளம். முதல் ஆட்டம் பெங்களூரு புல்ஸுடன். மேட்டூருக்குத் தண்ணீர் விட்ட கையோடு ஆளையும் அனுப்பியிருந்தார்கள், பவன் ஷெராவத் என்று பெயர். 21க்கு 32 என்று தோல்வி. நிர்வாகத்தில் யாரோ ஒருவர் கைக்குட்டையில் முடிச்சுப் போட்டுக்கொண்டதாக மாமா அடித்துச் சொல்கிறார். மறுநாள் புனேரி பல்டனோடு 31க்கு 31. சென்னை ரசிகர்கள் சமனுக்கே விசிலடித்த வருடம் அது.

பிறகு சரிவு. பாஸ்கரன் பொறுப்பிலிருந்து விலக, ஜே. உதயகுமார் வந்தார். கோச் மாறினார், இடம் மாறவில்லை. மொத்தம் 22 ஆட்டங்களில் 4 வெற்றி, 15 தோல்வி, 3 சமன். அப்போது புரோ கபடியில் ஏழு புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஆறுதலாக ஒரு புள்ளி தந்தார்கள். சமன் என்றால் மூன்று. ஜெயித்தால் ஐந்து. மற்ற அணிகள் ஐந்து ஐந்தாகச் சம்பாதித்துக்கொண்டிருக்க, தலைவாஸ் ஒன்று ஒன்றாகச் சேர்த்து, மகளிர் சுய உதவிக் குழுவின் நேர்மையோடு வாழ்க்கை நடத்தியது.

இதில் தஞ்சாவூர்க்காரர்களின் வயிற்றெரிச்சல் தனி. எங்கள் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். கபடி உலகமே அண்ணா என்று கூப்பிடும் ஆள். 2016இல் பட்னா கோப்பை வென்றபோது அதற்குத் தலைவர் அவர்தான். 2019இல் அவருக்கு 44 வயது. அந்த வயதில் எங்கள் ஊரில் மனிதன் வேட்டியை மடித்துக் கட்டுவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்வான். அவரோ மேட்டில் குனிந்து, அரும்பு மீசைப் பையன்களின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த அணிக்கு? ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு. அதற்கும் அவர்தான் தலைவர். வடக்கத்தி வீரர்கள் தமிழ் ஜெர்சியில் பன்னிரண்டாவது இடத்துக்குப் பாடிக்கொண்டிருந்தபோது, ஒரு தஞ்சாவூர்க்காரர் ஹரியானாவை பிளேஆஃபுக்கு நடத்திக்கொண்டு போனார். தமிழன் எங்கே போனாலும் ஜெயிப்பான் என்பார்களே, அதில் 'எங்கே போனாலும்' என்பதுதான் முக்கியம்.

ஏன் தோற்றார்கள்?

மாமா தத்துவத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, லெஃப்ட் கார்னராகவும் பேசுவார். அதுதான் சரியாக இருக்கும்.

கபடியில் ஏழு பேர். பாடிப் போனவன் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவனை உள்ளே கொண்டுவருவது அவன் கையில் இல்லை. சகாக்கள் ஒரு புள்ளி எடுத்தால் ஒருவன் உயிர்த்து வருவான். இப்போது உங்களிடம் இரண்டு மாபெரும் ரெய்டர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். எதிரணிக்கு வேலை சுலபம். அந்த இரண்டு பேரை மட்டும் முதலில் வெளியேற்றினால் போதும். பிறகு ஆட்டத்தின் பாதி நேரம் லட்சங்கள் பெஞ்சிலும் ஆயிரங்கள் மேட்டிலும் இருக்கும். இரண்டு ரெய்டு புள்ளி இல்லாமல் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் அனுப்ப ஆளில்லாமல், பயந்த பையன் ஒருவனை அனுப்ப வேண்டியிருக்கும்.

"நாங்களும் கோயில் திருவிழாவுக்கு வெளியூர் ஆள எறக்கியிருக்கோம் மாப்ளே. வந்தவன் நல்லாதான் பாடுவான். ஆனா நம்ம பய எப்பப் பாய்வான்னு அவனுக்குத் தெரியாது, அவன் எப்பப் பாய்வான்னு நம்ம பயலுக்குத் தெரியாது. கார்னர் காலப் புடிச்சா கவர் வந்து இடுப்ப அடைக்கணும். அரை நொடி. அந்த அரை நொடிய ஏலத்துல விக்கிறானா?"

விற்கவில்லை. அதுதான் 2019இன் முழு வரலாறு. கார்னர் போனால் கவர் வரவில்லை. கவர் வந்தால் கார்னர் ஏற்கெனவே வெளியே நின்றுகொண்டிருந்தார். பிடிக்கவேண்டிய இடத்தில் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள், பொறுக்கவேண்டிய இடத்தில் மூன்று பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள். எல்லோருமே தலைவர்களாக இருக்கும் கட்சியில் போஸ்டர் ஒட்ட ஆள் கிடைக்காது. தமிழ்நாட்டு அரசியலைப் பார்த்து வளர்ந்த எவரும் ஏப்ரல் ஏலத்திலேயே சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை. இத்தனைக்கும் நடுவில் தமிழ்நாட்டுப் பையன் வி. அஜித்குமார் தன் பாட்டுக்குப் பாடிப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். பெயரில் அஜித்குமார் இருந்தும் அவருக்குக் கட்அவுட் வைக்காத ஒரே தமிழ்க் கூட்டம் கபடிக் கூட்டம்தான்.

2020, 2021: மேட்டூர் திறந்தது ஜூன் 12

2020இல் அணை சரியான தேதியில் திறந்தது. கொரோனாவால் லீக் நடக்கவில்லை. தொடங்கிய நாளிலிருந்து தலைவாஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத ஒரே வருடம் அதுதான். 2021இலும் ஜூன் 12. அந்த டிசம்பரில் லீக் தொடங்கி, பெங்களூரில் ஒரே இடத்தில், பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தது. தலைவாஸ் 11ஆவது இடம். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். "பாத்தியா! தண்ணி சரியா வந்துச்சு, ஒரு படி ஏறிட்டான்!"

2022: மேட்டூர் திறந்தது மே 24

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் முறையாக மே மாதத்தில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். சம்பாவுக்கு எங்கள் பக்கம் உழவு ஓட்டிக்கொண்டிருந்த ஆகஸ்டில் ஏலம் நடந்தது. கைக்குட்டை முடிச்சு அவிழ்ந்தது. 2019இல் சென்னையில் வைத்து நம்மைத் தோற்கடித்த பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். அன்றுவரை லீக்கில் எவருக்கும் கொடுக்காத விலை. நம்மை அடித்தவனை வாங்கு, பாகம் இரண்டு.

முதல் ஆட்டம் குஜராத் ஜயன்ட்ஸுடன். அந்த அணிக்குத் தலைவர் யார் என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக்காரரான சந்திரன் ரஞ்சித். தமிழர்கள் தலைவராவதற்குத் தமிழ் தலைவாஸ் தவிர எல்லா அணிகளிலும் இடம் இருந்தது. ஆட்டத்தின் முதல் பாதி முடிவதற்குள் பவனுக்கு முழங்காலில் அடி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசனில் அவர் திரும்பி வரவே இல்லை. இரண்டேகால் கோடியைப் பெஞ்சில்கூட உட்காரவைக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அணி அன்றைக்கு 31க்கு 31 என்று சமன் செய்தது.

மிச்சம் இருந்தது பையன்கள். நரேந்தர் என்று ஒருவன், லீக்கில் அது அவனுக்கு முதல் சீசன். சாகர், சாஹில் குலியா, அஜிங்க்யா பவார். எங்கள் டீக்கடையில் யாருக்கும் இவர்கள் பெயர் முதலில் வாயில் நுழையவில்லை. நடுவில் உதயகுமார் போய் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். தலைவர் இல்லாத வீட்டில் பையன்கள் பொறுப்பாகிவிட்டார்கள். கார்னர் காலைப் பிடித்தால் கவர் வந்து அடைத்தான். யாருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை, ஏனென்றால் காத்திருக்கும்படியான ஆள் யாரும் இல்லை. நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தான். முதல் சீசனில் வேறு எவரும் அதுவரை எடுக்காத எண்ணிக்கை.

தலைவாஸ் வரலாற்றில் முதல் முறையாக பிளேஆஃப். டிசம்பர் 13, மும்பை, எதிரே யு.பி. யோதாஸ். 36க்கு 36. டைபிரேக்கரில் 6க்கு 4 என்று வென்று அரையிறுதி. நாடியம்மன் கோயில் பக்கம் யாரோ வெடி போட்டார்கள். மாமா தைலம் தேய்த்த காலோடு எழுந்து நின்றார். இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37க்கு 39. இரண்டே புள்ளியில் போயிற்று.

டிவியை அணைத்துவிட்டு மாமா சொன்னார்: "மே பதினேழுலயே தொறந்திருந்தா ஃபைனல் மாப்ளே."

2023இல் மேட்டூரைப் பழையபடி ஜூன் 12க்குத் தள்ளினார்கள். தலைவாஸும் பழையபடி கீழே இறங்கி 9ஆவது இடத்தில் போய் நின்றது. இதற்குமேல் எந்த ஆராய்ச்சியாளனுக்கு என்ன நிரூபணம் வேண்டும்?

இப்போது மாமா விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதிவைத்திருக்கிறார். மேட்டூர் அணையை வருடந்தோறும் மே மாதம் மூன்றாவது வாரத்துக்குள் திறக்க வேண்டும், கடைமடைவரை தண்ணீர் வந்து சேர வேண்டும் என்று முதல் பத்தி. அப்படிச் செய்தால் தமிழ் தலைவாஸ் கோப்பை வெல்லும், ஆதாரங்கள் இணைப்பில் என்று இரண்டாவது பத்தி. ஏலத்தில் அதிக விலை போகும் ஆளை நம் செலவிலேயே வாங்கி ஹரியானாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்று கடைசியில் ஒரு பின்குறிப்பு.

முதல் பத்தி போதாதா மாமா, கபடியைப் பார்த்தால் சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்களே என்றேன்.

"போடா. மொதப் பத்திய நாப்பது வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன், ஒருத்தனும் படிக்கல. நெல்லு காஞ்சா கடைமடையான் மட்டும்தான் கேப்பான். கபடி தோத்தா டிவிக்காரன் கேப்பான்ல?"